காளான் பை காலியான பிறகு

சிப்பிக் காளான் வளர்ப்பவர் வீட்டுக் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மூன்று அறுவடை முடிந்த பாலிதீன் பைகள், பழுப்பேறிய வைக்கோலோடு குவிந்து கிடக்கும். காளான் சந்தைக்குப் போய்விடும். குப்பை எங்கே போகும்?

மக்காச்சோளக் காட்டுக்குப் போகலாம். வைக்கோலில் உள்ள லிக்னின் சாமானியத்தில் மக்காது. காளானின் நூலிழைகள் நொதிகளைச் சுரந்து அதையும் உடைத்துவிடுகின்றன. எரு தயாரிக்கும் வேலையில் பாதியைக் காளானே முடித்துவிடுகிறது, கூலி கேட்காமல்!

மீதிப் பாதி நம் வேலை. அவசரப்பட்டு அப்படியே வயலில் கொட்டினால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மிச்ச வைக்கோலை மக்கவைக்கத் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பயிர் வெளுத்துப் போகும். மக்காச்சோளமோ தழைச்சத்துக்குப் பெரும்பசிக்காரன். ஆகவே பாலிதீனைக் கிழித்துத் தனியே எடுங்கள். வைக்கோலை நிழலில் குவித்து, சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மண்வாசம் வரும். கடைசி உழவில் போடலாம்.

மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு எரு என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதில் ஒரு பங்கை இந்தக் காளான் எரு ஈடுகட்டும். பெரம்பலூர் பக்கத்து மானாவாரி நிலங்களில், மண்ணில் ஈரம் தங்குவதே பெரிய லாபம்.

மழை பெய்த மறுநாள் எருக்குவியலில் குடை விரிந்து நின்றால் மட்டும், அதைப் பறித்துச் சமையலறைக்குக் கொண்டு போய்விடாதீர்கள். அது நீங்கள் விதைத்த காளான்தானா என்று யாருக்குத் தெரியும்?