மூன்று மாதத்தில் போகிறவர் வரவே வேண்டாம்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, பிள்ளையின் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று கடைசி வரிசையில் காத்திருக்கும் பெற்றோர்களே,

உங்களிடம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளைக் கேட்டுப்போக வந்திருக்கிறேன். குறைந்தது ஓராண்டு ஞாயிறுகள். உங்கள் தெருவில் ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற ஒரு பையனுக்காக. பட்டதாரிப் பெண்களாக இருந்தால் ஒரு தங்கைக்காக. அவர்களைப் போதை நெருங்காதிருக்க. கல்வி நிலையங்களைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் வந்துவிடுகிறது. பள்ளி ஆசிரியர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

இந்த யோசனை பழையது. 1904-இல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் எர்னஸ்ட் கூல்டர். கூண்டில் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், ஆளுக்கொரு பையனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பெரியவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் கேட்டார். ஏறக்குறைய நாற்பது பேர் சம்மதித்தார்கள். இன்றைய 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் வேர்களில் அதுவும் ஒன்று.

தொண்ணூறுகளில் அந்த அமைப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்து முதல் பதினாறு வயது வரை 959 பிள்ளைகள். பாதிப் பேருக்கு உடனே ஓர் அண்ணனையோ அக்காவையோ தேடத் தொடங்கினார்கள். மீதிப் பேர் காத்திருப்போர் பட்டியலில். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், காத்திருந்தவர்களைவிட முதல் பாதியினர் புதிதாகப் போதைப்பொருளைத் தொடும் வாய்ப்பு 46 சதவீதம் குறைந்திருந்தது. குடியைத் தொடங்கும் வாய்ப்பு 27 சதவீதம் குறைந்திருந்தது. அந்த அண்ணன்மார் செய்தது என்ன? மாதம் மூன்று முறை, மூன்று நான்கு மணி நேரம் கூட இருந்தார்கள். விளையாடினார்கள், சாப்பிடப் போனார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள். போதையின் தீமைகள் பற்றிய வகுப்பு எதுவும் அந்தத் திட்டத்தின் மையத்தில் இல்லை.

இப்படி இணைந்த 82 ஜோடிகளைக் கூர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வும் உண்டு. பிள்ளையைத் திருத்தியே தீருவது என்று வந்தவர்களின் உறவுதான் பெரும்பாலும் முறிந்தது. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு நடந்தவர்கள் நீடித்தார்கள். நம் ஊர் அறிவுரைக்காரர்களுக்கு இது கசக்கும். மைக் கிடைத்தால் விடாத என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. முதல் ஆய்வின் விவரங்களை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மறுபடி அலசி 2002-இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவால்தான் அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கோ, தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருந்த மதிப்பும் சரிந்துபோயிருந்தது.

நானும் அப்படி விட்டுவிட்டுப் போனவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கீழ்வீட்டுப் பையன் ஒன்பதாவது படித்தான். அவன் அப்பா பொழுது சாய்ந்தால் நிதானத்தில் இருக்கமாட்டார். பையன் மாடிக்கு வந்துவிடுவான், கேரம் ஆடுவோம். இறங்கும்போது, "அண்ணே, அடுத்த ஞாயிறு இருப்பீங்கல்ல?" என்பான். தவறாமல் கேட்பான். இரண்டு மாதத்தில் எனக்கு மாற்றல் வந்தது. அவன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சாமான்களை ஏற்றினேன். லாரிக்காரர் அவசரப்படுத்தினார் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்க்கும் தெம்பு எனக்கில்லை என்பதுதான் நிஜம். கேரம் போர்டை மட்டும் அவன் வீட்டுத் திண்ணையில் சாத்திவிட்டு வந்தேன்.

ஆகவே, அடுத்த மாதம் பெங்களூருக்கோ புனேவுக்கோ கிளம்புகிறவர்கள் இங்கே எதையும் தொடங்காதீர்கள். போய் நிலைகொண்ட ஊரில் தொடங்குங்கள். இங்கேயே இருப்பவர்கள் முதலில் பிள்ளையின் பெற்றோரிடமோ தலைமையாசிரியரிடமோ பேசுங்கள். நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் சந்தியுங்கள்: கிளை நூலகம், மைதானம், கோயில் வாசல். பிள்ளை ஏற்கெனவே பழக்கத்தில் சிக்கியிருந்தால் நீங்களே மருத்துவராகிவிட வேண்டாம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள், மருத்துவமனைக்குப் பிள்ளையோடு கூடப் போங்கள். நடுவில் ஊரை விட்டுப் போக நேர்ந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி ஞாயிறு எது என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொள்ளட்டும், எதிரில் இருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாலு வாரம் பையன் வாயே திறக்கமாட்டான். போனை நோண்டுவான். இதெல்லாம் வெட்டிவேலை என்று உங்களுக்கே தோன்றும். ஐந்தாவது வாரம் பஸ் கிடைக்காமல் கால் மணி நேரம் பிந்திப் போவீர்கள். அவன் தெருமுனைக்கு வந்து நின்றுகொண்டிருப்பான். உங்களைப் பார்த்ததும், சும்மா கடைக்கு வந்தேன் என்பான்.