நடுவயதில் பட்டம் பெற்றவர் வேலை தேடும் முறை

தோட்டத்து வீட்டுச் சுவரில் பட்டமளிப்புப் படம் தொங்குவதைக் காணும்போது நமக்குப் பெருமை உண்டாகிறது. அந்தப் படத்தில் அங்கியணிந்து நிற்பவர் இருபத்து மூன்று வயது இளைஞராகத்தான் இருப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றிய பிறகு, வேலை பார்த்துக்கொண்டும் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டும் படித்து, நாற்பது வயதில் பட்டம் வாங்கியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அத்தகையவர்கள் வீட்டுக்கு அருகிலேயே வேலை தேடுவது எப்படி என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டமொன்றில் ஓர் அம்மையார், வயது நாற்பத்தொன்று. பகலில் உதிரிப் பழம் பொறுக்கி, இரவில் படித்து, வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றுவிட்டார். கணவர் குலை வெட்டுகிறவர். பிள்ளைகள் இருவர் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். மாமியாருக்கு நீரிழிவு நோய். "கோலாலம்பூருக்குப் போ, உடனே வேலை கிடைக்கும்" என்கிறார்கள் சிலர். "இந்த வயதில் உனக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" என்கிறார்கள் வேறு சிலர். இந்த இரண்டு பேச்சையும் நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் வயதைப் பற்றிய பேச்சு. 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து, தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று சட்டம் வகுத்திருக்கிறது. அப்படியானால், நாற்பத்தொரு வயதுக்காரருக்கு இன்னும் பத்தொன்பது ஆண்டு உழைப்பு மிச்சமிருக்கிறது. இது குறுகிய காலமன்று. பொறுப்புள்ள ஒருவர் நெடுநாள் நிலைத்திருப்பார் என்பதை முதலாளிக்கு நாம் எடுத்துச் சொல்லலாம்.

அடுத்து, பட்டணத்துச் சம்பளம். இக்கரைக்கு அக்கரை பச்சை. கோலாலம்பூரில் மாதம் 3,200 வெள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை 600, சாப்பாடு 700, மாமியாரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்பவருக்கு 800, வீட்டுக்கு வந்துபோக 200. ஆக 2,300 போய், கையில் நிற்பது 900 வெள்ளி. பக்கத்துச் சிற்றூரில் 2,200 வெள்ளி சம்பளம் என்றால், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் 150, மதியச் சாப்பாடு 200 போக, 1,850 வெள்ளி மிஞ்சும். இது மாதிரிக் கணக்குதான். உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது, வீடு. இதில்தான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தோட்டத்து வீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தது. வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்ய நேரிடும். ஆகவே, வீடு யார் பெயரில், எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய வேலைக்கான நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள். 2018-இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் வேலையை இழந்தவர்களுக்கு உதவுவது; தாமாகவே வேலையை விட்டவர்களுக்கு அந்த உதவி கிடைக்காது.

இனி, எங்கே தேடுவது? தோட்ட அலுவலகத்துக் கிராணி வேலை, எண்ணெய் ஆலை, கூட்டுறவுச் சங்கம், தனியார் மருந்தகம், பாலர் பள்ளி, பக்கத்துத் தொழிற்பேட்டை ஆகியவை பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. சொக்சோவின் 'மை பியூச்சர் ஜோப்ஸ்' என்ற இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பதிந்து, நம் மாவட்டத்து வேலைகளைப் பார்க்கலாம். மத்திய அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்துகொள்ளலாம். கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் பிள்ளைகளின் உதவியை நாடலாம், அதில் வெட்கமில்லை.

தன்விவரக் குறிப்பு எழுதும்போது, தோட்டத்தில் கழித்த ஆண்டுகளை மறைக்காதீர்கள். பெரட்டில் பெயர் குறித்தது, எடை எழுதியது, கோயில் கணக்கைப் பார்த்தது, பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தது யாவும் அனுபவமே. எத்தனை ஆண்டு, எத்தனை பேர், எவ்வளவு பணம் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

நேர்முகத் தேர்வில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் தடுமாற வேண்டாம். "மாமியாரை மாதம் ஒரு நாள் மருந்தகத்துக்கு அழைத்துப் போவேன், மற்ற நாட்களில் என் நாத்தனார் பார்த்துக்கொள்வார்" என்பதுபோல், செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த பின், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்க, 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டம் வழிசெய்திருக்கிறது. முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் கூற வேண்டும். கேட்கும் வழிதான் இது. கிடைத்தே தீரும் என்று நம்பிவிடலாகாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்று கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வங்கி அட்டையையோ கடவுச்சொல்லையோ எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். வெளிநாட்டில் பெருஞ்சம்பளம் என்று நம்பிப்போய் மோசடிக் கும்பலிடம் சிக்கிய மலேசியர்கள் பலர்.

கடைசியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. பத்து விண்ணப்பம் போட்டால் ஒன்பதுக்குப் பதில் வராமல் போகலாம். அந்த நாட்களில் "படித்து என்ன கண்டாய்?" என்று கேட்டு அவர் மனத்தைப் புண்படுத்தாதீர்கள். கணவர் ஒரு வேளை சோறு வடிக்கலாம். மூத்த பிள்ளை பாட்டியின் மருந்தை எடுத்துக் கொடுக்கலாம். அம்மா நேர்முகத் தேர்வுக்குப் போகும் நாளில் வீட்டு வேலையை எல்லாரும் பகிர்ந்துகொண்டால், அவர் நிம்மதியாகப் போய்வருவார்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், குறைந்தது எவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற மூன்றையும் குடும்பத்தோடு கலந்து எழுதுங்கள். தேடும் வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.