மூழ்கிய ஊரும் திறக்காத கோப்பும்

(மேட்டூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



1934-இல் நம் அணை கட்டி முடிக்கப்பட்டபோது பல ஊர்கள் நீருக்குள் போயின. நீர்மட்டம் குறையும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் இன்றும் வெளியே தெரிகின்றன. அந்த ஊர்களில் வாழ்ந்தவர்களின் நினைவுகள் அப்படித் தானாக வெளியே வருவதில்லை. யாராவது கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு.

2003-இல் எங்கள் பள்ளி மாணவர்கள் அந்தப் பெரியவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார்கள். ஆண்டுவிழா மலரில் அச்சிட்டோம். சென்ற ஆண்டு ஒரு மாணவி, "சார், எங்க கொள்ளுப்பாட்டி சொன்னது அந்த மலர்ல இருக்காமே, பார்க்கலாமா?" என்று கேட்டாள். அலமாரியில் இருந்த பிரதிகளைக் கரையான் தின்றிருந்தது. குறுந்தகடு மட்டும் இருந்தது. அதில் இருந்ததோ பேஜ்மேக்கர் கோப்பு. அந்த மென்பொருள் இன்று எங்கள் ஆய்வகக் கணினி எதிலும் இல்லை.

கட்டணமில்லாத லிப்ரே ஆபீஸ் அந்தக் கோப்பைத் திறந்தது. ஆனால் திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! காரணம் எளியது. கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தன. 'அ' என்று நாம் பார்த்தது, கணினிக்கு ஆங்கிலச் சிறிய 'எம்'. புள்ளி என்பது அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. ஒருங்குறி எனப்படும் யூனிகோடிலோ 'அ'வுக்கு 2949 என்று தனி எண் உண்டு. எந்தக் கணினியிலும் கைபேசியிலும் அது 'அ'தான். தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது.

எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு பாமினியை ஒருங்குறியாக்கினோம். நிறையக் கோப்புகள் இருந்தால், பைத்தான் மொழியில் எழுதப்பட்ட 'ஓப்பன்-தமிழ்' நிரல் தொகுப்பின் உதவியால் மொத்தமாகவும் மாற்றலாம். ஆனால் நிரல் முடித்த இடத்தில் நம் வேலை தொடங்குகிறது. இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்று எண்ணிக் குழப்பியிருந்தது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் வரிவரியாகப் படித்துத் திருத்தினார்கள்.

பாதுகாப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் இணைமதி எழுத்துருவிலும் பிறகு டிஸ்கி குறியீட்டிலும் வெளியிட்டது. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. காலத்தோடு மாற்றிக்கொண்டே வந்ததால்தான் அந்நூல்களை இன்றும் நம்மால் படிக்க முடிகிறது.

நம் பள்ளி அளவில் நான்கு செயல்கள் போதும்.

1. மலர், வினாத்தாள், மாணவர் படைப்பு எதையும் ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்யுங்கள். வெளியே அச்சுக்குக் கொடுத்தால் ஒருங்குறிப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

2. பனுவலை எளிய உரைக் கோப்பாகவும், பக்க வடிவத்தைப் பிடிஎஃப்/ஏ ஆகவும் சேமியுங்கள். நெடுநாள் பாதுகாப்புக்கென்றே 2005-இல் பன்னாட்டுத் தரமாக வந்த வடிவம் இது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கும். லிப்ரே ஆபீஸிலேயே இதை உருவாக்கலாம். ஆனால் பாமினியில் செய்த பிடிஎஃப் பார்வைக்குத் தமிழாக இருந்தாலும், ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது.

3. கோப்பின் பெயரிலேயே ஆண்டும் பொருளும் இருக்கட்டும். 'புதியது', 'கடைசி' என்ற பெயர்கள் அடுத்து வரும் ஆசிரியருக்கு எதையும் சொல்லா.

4. மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்றாவது பள்ளிக்கு வெளியே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

மாணவியிடம் கொள்ளுப்பாட்டியின் பேச்சை இரண்டு பக்கங்களாக அச்சிட்டுக் கொடுத்தேன். படித்து முடித்ததும், "போட்டோ இல்லையா சார்?" என்றாள். படங்கள் தனிக் கோப்புகளாக இருந்திருக்கின்றன. அன்று குறுந்தகட்டில் அவற்றைச் சேர்த்துப் பதியாமல் விட்டது நான்தான். அந்தப் பாட்டி இப்போது இல்லை.

அடுத்த வாரம் உங்கள் பள்ளி அலமாரியைத் திறந்து, பழைய குறுந்தகடு ஒன்றையாவது எடுத்துப் பாருங்கள்.