மாத்திரை தொடங்கியதும் மாறும் நாள் கணக்கு

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா வரும்போது, மாதவிலக்கு நாளைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்குப் போவது நம் பக்கத்தில் பழகிப்போன ஒன்று. அந்த மாத்திரையும் ஹார்மோன்தான். நோரெதிஸ்டிரோன் என்று பெயர். வழக்கமாக நாளுக்கு மூன்று வேளையுமாக 15 மில்லிகிராம் உள்ளே போகிறது. அதே நோரெதிஸ்டிரோனைக் கருத்தடைக்கென்று தரும் மாத்திரையிலோ நாளுக்கு 0.35 மில்லிகிராம்தான். நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். திருவிழாவுக்காக அவ்வளவையும் யோசிக்காமல் விழுங்குகிறோம். பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி விடச் சிறிதளவு ஹார்மோன் என்றால் மட்டும் மிரள்கிறோம். தொடங்கினால் மாதவிலக்கு எப்படி மாறும் என்று முன்கூட்டி யாரும் சொல்லிவைக்காததே இந்த மிரட்சிக்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன் மாத்திரை, மீதி ஏழும் வெறும் இரும்புச்சத்து. ஹார்மோன் உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை, முட்டையை விடச் சொல்லி மூளை சினைப்பைக்கு அனுப்பும் உத்தரவு அடங்கிவிடுகிறது. கருப்பையின் உள்பூச்சும் மெல்லியதாகவே நிற்கிறது. இரும்புச்சத்து மாத்திரை நாட்களில் ஹார்மோன் நின்றுவிடுவதால் அந்த மெல்லிய பூச்சு உதிர்கிறது. நாம் மாதவிலக்கு என்று எண்ணுவது அந்த உதிர்வைத்தான். பலருக்குப் போக்கு குறையும், வயிற்றுவலியும் தணியும். முதல் மூன்று மாதத்தில் இடையிடையே சொட்டுச் சொட்டாகப் படுவதும் உண்டு. உடல் பழகியதும் பெரும்பாலும் அது நின்றுவிடும். அந்த ஏழு நாள் இடைவெளியால் உடல்நலத்துக்குத் தனி நன்மை ஏதும் இல்லை என்று பிரிட்டனின் குடும்பநல மருத்துவ வல்லுநர் அமைப்பு 2019-இல் சொல்லிவிட்டது.

2017 முதல் அரசுத் திட்டத்தில் தரப்படும் அந்தரா கருத்தடை ஊசியின் போக்கு வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. தொடக்கத்தில் கணக்கில்லாமல் ரத்தம் படும். ஓராண்டு ஆகும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாதவிலக்கே வராது. இங்கேதான் வீட்டுப் பெரியவர்கள் குறுக்கே வருகிறார்கள்: "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமுங்க." அவர்களுக்கு இருப்பது அக்கறைதான், அலட்சியமாக ஒதுக்கக்கூடாது. ஆனால் உள்பூச்சு வளராதபோது உதிர்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தேங்கி நிற்க ரத்தமே உருவாகவில்லை. பிறகு பிள்ளை நிற்குமா என்பது அடுத்த கேள்வி. மாத்திரையை நிறுத்தினால் கருவுறும் திறன் விரைவில் திரும்பும். ஊசியில் தாமதம் உண்டு, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம்வரை ஆகலாம். அந்தத் தாமதத்தை மறைக்காமல் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

சொல்வதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். இதே ஊசியை வைத்துச் சீனாவில் நடந்த ஓர் ஆய்வு 1996-இல் வெளியானது. மாதவிலக்கு எப்படியெல்லாம் மாறும் என்று விரிவாகச் சொல்லப்பட்ட பெண்களில் ஓராண்டுக்குள் ஊசியைக் கைவிட்டவர்கள் 11 சதவீதம்; வழக்கமான அளவுக்கே கேட்டுக்கொண்டவர்களில் 42 சதவீதம். ஊசி ஒன்றே, சொல்லிய விதம்தான் வேறு. நம் மாநில நிலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரையை நாடியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இடைவெளி மட்டும் போதும் என்று நினைக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் மற்ற வழிகளை யாராவது பொறுமையாக விளக்கினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

எல்லாருக்கும் ஹார்மோன் கருத்தடை ஏற்றது என்று சொல்லவில்லை. ரத்தக்கொதிப்பு, ரத்தக்கட்டு, கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டுபவர்களுக்கும் மாலா-என் உகந்ததல்ல. கோயிலுக்காக நாள் தள்ளும் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்; அது கருத்தரிப்பதைத் தடுக்கும் என்று நம்பியும் இருக்காதீர்கள். மாத்திரையோ ஊசியோ தொடங்கியபின் ரத்தப்போக்கு மிக அதிகமானாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மாத்திரை விட்டுப்போய் நாளும் தள்ளினாலோ காத்திருக்க வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முதல் அட்டையை வாங்கும் அன்றே கிராம சுகாதார செவிலியரிடம், "இதைப் போட்டால் என் மாதவிலக்கு எப்படி மாறும்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.