தாமிரபரணிக் கரையில் இரண்டு நாள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சிவில் எஞ்சினியர்தானே, ஏதாவது டெக்னிக்கலா பேசு" என்றார் நமது செயலாளர். கான்கிரீட்டைப் பற்றிப் பேசினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே ஊர் சுற்றிய கதையைச் சொல்கிறேன். டெக்னிக்கல் சமாசாரம் அதில் தானாக வந்துவிடும்.

சென்ற தை மாதம், ஒரே ஹாஸ்டலில் இருந்த நாங்கள் மூன்று பேர் ஒரு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நிபந்தனை ஒன்றுதான். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடத்தில் தொடங்கி, கடலில் கலக்கும் இடம் வரை ஆற்றை விட்டு விலகக்கூடாது. ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும்வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத ஆறு. நான்கு வழிச்சாலையில் விட்டால் இரண்டு மணி நேரச் சமாசாரம். எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. செல்போனில் வழி சொல்லும் அம்மா, பாவம், ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களை நெடுஞ்சாலைக்கே இழுத்தாள். "மாப்ள, இவ பேச்சை நிறுத்துடா" என்று அம்பாசமுத்திரத்திலேயே அணைத்துவிட்டோம்.

பாபநாசம் படித்துறையில் காலைக் குளியலோடு பயணம் ஆரம்பம். அதற்கு மேலே புலிகள் காப்பகம். வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. கோயில்களை விரைவாகப் பார்த்துவிட்டு ஓடலாம் என்பதுதான் முதலில் எங்கள் திட்டம். ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியவை அணைக்கட்டுகள். இந்த ஆற்றில் எட்டு உண்டு. மேலிருந்து கீழாகச் சொல்கிறேன்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. எட்டும் சேர்ந்து சுமார் 86,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. நதியை உண்ணும் அணைக்கு நதியுண்ணி என்று பெயர் வைத்தவன் எஞ்சினியரா, கவிஞனா என்று காரில் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.

பழைய அணைக்கட்டுகளில் ஒரு விசேஷம். ஆற்றுக்குக் குறுக்கே நறுக்கென்று நேர்க்கோடாகப் போகாமல், சாய்ந்தும் வளைந்தும் கிடக்கும். "கல் கிடைத்த இடமெல்லாம் போட்டிருப்பாங்க" என்றான் நண்பன். அப்படியல்ல. தம்பிகளா, ஹைட்ராலிக்ஸ் பரீட்சைக்குப் படித்த சூத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அணையின் மேல் வழிந்து போகும் வெள்ளம், அணையின் நீளத்தையும் வழியும் நீரின் உயரத்தையும் பொறுத்தது. அதே வெள்ளத்துக்கு அணையின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் மேலே வழியும் நீரின் உயரம் ஏறக்குறைய 63 சதவீதமாகக் குறைந்துவிடும். அதாவது பத்தடி உயரம் பாயவேண்டிய வெள்ளம் ஆறேகால் அடியில் அடங்கிப் போகும். மேலே உள்ள கரைக்கும் ஊருக்கும் அந்த அளவுக்கு ஆபத்துக் குறைவு. சூத்திரம் தெரியாமலே இதைச் செய்தவர்கள், வெள்ளத்தைப் பல தலைமுறை நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. வடக்கே கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், எந்த வழியாகக் கால்வாய் வெட்டுவது என்று தெரியாமல் நின்றாராம். ஒரு பசு முன்னே நடந்ததாம். அது நடந்த வழி கால்வாய் ஆயிற்று. அது படுத்த இடம் குளமாயிற்று. கதையைக் கேட்டுச் சிரித்தேன். கால்வாயோரமாகக் காரை ஓட்டிப் போகப் போகச் சிரிப்பு போய்விட்டது. மாடு செங்குத்தாக ஏறாது, செங்குத்தாக இறங்காது. சரிவைச் சுற்றிக்கொண்டு சீராக நடக்கும். சமமட்டக் கோடு என்று நாம் லெவல் கருவி வைத்துத் தேடுவதை அது காலால் தேடுகிறது. கதையாக இருந்தாலும் சர்வே தெரிந்தவன் சொன்ன கதை.

கல்லிடைக்குறிச்சி தாண்டித் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில், கடனாநதி தாமிரபரணியில் சேருமிடத்தில், மருத மர நிழலில். அங்கே கோபுரத்தின் உள்ளே ஏற வேண்டும். ஐந்து நிலைகள். சுவரெல்லாம் ஓவியம், தூண்களிலும் விட்டங்களிலும் மரச் சிற்பம். கோயிலில் கேட்டு அனுமதி வாங்கி, கையில் டார்ச்சோடு ஏறுங்கள், சுவரைத் தொடாதீர்கள். கப்பலில் குதிரைகள் வரும் காட்சி ஒன்று இருக்கிறது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், வயல் நடுவே இருக்கும் ஊரில் கப்பல் எப்படி வந்தது என்று அப்போது புரியவில்லை. விடை மறுநாள் கிடைத்தது.

இரவு திருநெல்வேலியில் தங்கினோம். காலையில் இரண்டு இடங்கள். ஒன்று குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றங்கரையில் அல்ல, ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்து மோதும் பக்கம் படகின் முனைபோலக் கூராக அமைத்திருக்கிறார்கள். பாலத்தூணுக்கு நாம் வைக்கும் வெட்டுமுனையேதான் அது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் பொருள்களையும் கரைக்குக் கொண்டுபோய்விடுவது வழக்கம். 1992 நவம்பர் வெள்ளத்தில் கோயில் நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், முழுகி எழுந்து நின்றது. வெள்ளத்தோடு சண்டை போடாமல் அதற்கு வழிவிட்டுக் கட்டிய கட்டடம்.

மற்றொன்று சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த ஒருவர் தம் சொந்தப் பணத்தில் கட்டி 1843இல் திறந்த வளைவுப் பாலம். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்பார்கள். அந்தப் பழைய லண்டன் பாலம் 1930-களில் இடிக்கப்பட்டுவிட்டது. நம்ம பாலத்தில் டவுன் பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது!

அங்கிருந்து திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரியா தோண்டினார். பிறகு 2004-05இல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் இறங்கியது. 2023 முதல் அங்கேயே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் தாழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்கலாம். நான் கவனித்தது இடத்தேர்வை. இறந்தவர்களைப் புதைத்தது விளையாத சரளைப் பரம்பில். விளையும் வண்டல் மண்ணை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். எதிர்க்கரைப் பக்கம் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லின் வயது கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். அங்கே கிடைத்த இரும்பு அதையும்விட மிகப் பழையது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரி, பிறகு ஏரல் வழியாகக் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று சின்ன வயதில் படித்ததை நம்பிப் போனால், வாழைத் தோட்டமும் குளமும்தான் இருக்கின்றன, கடலைக் காணோம். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்த ஊர் இதுதான். கடல் எங்கே போயிற்று? ஆறு கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தில் படியப் படியக் கரை கிழக்கே நகர்ந்தது. கொற்கை தூர்ந்தபின் காயல் துறைமுகம் ஆயிற்று. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, காயலில் கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். திருப்புடைமருதூர் சுவரில் பார்த்த கப்பலின் கதை அங்கே விளங்கியது. மேலே ஓவியம், கீழே துறைமுகம், நடுவே ஆறு.

இரண்டு நாளில் நான் கற்றது இதுதான். அணை, கால்வாய், குளம், கோயில், தாழிக்காடு, துறைமுகம் எல்லாம் தனித்தனி 'பார்க்க வேண்டிய இடங்கள்' அல்ல. தண்ணீரால் கோத்த ஒரே மாலை. ஒன்றை மட்டும் எடுத்துக் காட்சிக்கு வைத்தால் அர்த்தம் போய்விடும்.

இப்போது நமக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, அதே பகுதியில் ஒரு கிராமச் சாலையை அகலப்படுத்தும் வேலையில் இருந்தேன். சர்வே முடிந்து வரைபடம் வந்தது. மின்கம்பம், மரம், போர்வெல், சிறுபாலம் எல்லாவற்றுக்கும் குறியீடு இருந்தது. சாலையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்கவைத்தது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைக்க. வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. குறியீட்டுப் பட்டியலில் அதற்கு ஒரு அடையாளமே கிடையாது.

இடத்தைப் பார்க்கப் போனபோது ஒரு பாட்டி வந்து நின்றார். "ஏய்யா, இதையும் எடுத்துருவியளோ?" என்றார். "யாரு வச்சது பாட்டி?" என்றேன். "எங்க ஆச்சிக்கு மூத்தவ. வயித்துப் புள்ளையோட போயிட்டா. எறக்கி வைக்காத சொமையில்லா? அதான் ஊருக்காரங்க எறக்கி வைக்கட்டும்னு கல்லு போட்டாவ."

கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது நம் நாட்டு வழக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் வீட்டாரை நேரில் பார்த்தது அன்றுதான். வரைபடத்தில் கையால் ஒரு வட்டம் போட்டு 'சுமைதாங்கி, நகர்த்தி நடுக' என்று எழுதினேன். கிரேனுக்கு அரை நாள் வாடகை. மூன்று மீட்டர் தள்ளி, அரச மரத்தடியில் நட்டோம். பழைய திசையிலேயே இருக்கிறதா என்று பாட்டி சுற்றி வந்து பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பயணத்தில், கால்வாய்க் கரையில் ஓரிடத்தில் நின்று, "இங்கே கல்மண்டபம் இருந்ததாமே?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டோம். "நேத்து வந்திருக்கக் கூடாதா தம்பி?" என்று சிரித்தார். போன வருஷம் வரை இருந்ததாம். யார் மேலும் குற்றம் சொல்ல வழியில்லை. எந்த வரைபடத்திலும் அந்த மண்டபம் இல்லை. ஆகவே கோப்பின்படி அங்கே எதுவும் இடிக்கப்படவில்லை!

நண்பர்களே, நம்மில் பலர் நெடுஞ்சாலையில், பொதுப்பணியில், ரயில்வேயில், தனியார் கம்பெனிகளில் கையெழுத்துப் போடும் நாற்காலிக்கு வந்துவிட்டோம். பெரிய கோயிலையும் பெரிய பாலத்தையும் காக்கச் சட்டம் இருக்கிறது, பக்தர்கள் இருக்கிறார்கள், பத்திரிகைகள் இருக்கின்றன. சுமைதாங்கிக்கும் மடைக்கல்லுக்கும் சர்வே வரைபடத்தில் போடும் ஒரு புள்ளியைத் தவிர வேறு காவல் கிடையாது. அந்தப் புள்ளியை வைக்கும் பேனா நம் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. சாலை வேண்டும், அந்தப் பாட்டிக்கும் ஆம்புலன்ஸ் வர வேண்டும். குறித்துவிட்டு முடிவெடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. விடுமுறையில் உங்கள் ஊர் ஆற்றுக்கோ ஓடைக்கோ போங்கள். கார் வேண்டுமென்பதில்லை, சைக்கிள் போதும். கோயில்கள் நடுப்பகலில் சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் அணையையும் மடையையும் பாருங்கள். டேப்பை எடுத்து ஏதாவது ஒரு பழைய மடையை, ஒரு மண்டபத்தை அளந்து வரையுங்கள். அடுத்த ஆண்டு இந்த மலரில் அந்த வரைபடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் செயலாளரிடம் இப்போதே எல்லோர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன். அவர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

சாப்பாடு தயாராகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள்.