கொக்கிக்குக் கீழே நிற்பவர்

(கட்டடத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். இன்னைக்குக் கவிதை வேண்டாம், கிரேன் வச்சு சரக்கு இறக்குறதைப் பத்திப் பேசுறேன்னு சொன்னேன். பேங்க் குமாஸ்தாவுக்குக் கிரேனைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேக்கலாம். எனக்குத் தெரிந்ததில் பாதி, சைட் சைட்டாகச் சுற்றிய என் சித்தப்பா மகன் சொன்னது. மீதி, என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்ற கைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஒருநாள் ஒரு பெரியவர் பணம் எடுக்க வந்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். பழக்கத்தில் ‘இடது கைப் பெருவிரல் வைங்க’ என்றேன். அவர் இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். பெருவிரல் இல்லை. ‘கம்பி இறக்கும்போது பெல்ட்டுல மாட்டிக்கிச்சு சார்’ என்றார், ஏதோ தான் செய்த குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி. வலது கை ரேகையை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். அந்தக் குரலில் இருந்த குற்ற உணர்வு யார் கொடுத்தது என்பதுதான் இன்றைக்கு என் கேள்வி.

விரல் எப்படிப் போகிறது? லாரியில் வரும் கம்பி 12 மீட்டர் நீளம். 25 மி.மீ. கம்பி ஒன்றே ஏறத்தாழ 46 கிலோ. 43 கம்பி சேர்ந்தால் 2 டன். அந்தக் கட்டுக்கு அடியில் பெல்ட்டை நுழைக்க ஒருவர் லாரி மேல் ஏற வேண்டும். கடப்பாரையால் நெம்பி, கட்டை கொடுத்து, சந்து உண்டாக்கி அப்புறம்தான் நுழைக்கணும். ஆனால் கட்டை தேட யாருக்கு நேரம்? கையையே விடுகிறார். கொக்கியில் மாட்டின பிறகும் பெல்ட் நழுவாமல் இருக்கக் கையால் பிடித்துக்கொள்கிறார். ஆபரேட்டர் தூக்குகிறார். பெல்ட் இறுகும்போது விரல் உள்ளே இருக்கிறது. அவசரம் இன்னும் முற்றினால் பெல்ட்டே கிடையாது. கட்டைச் சுற்றியிருக்கிற கம்பியிலேயே கொக்கியை மாட்டுகிறார்கள். அது கட்டு பிரியாமல் இருக்கப் போட்டதே தவிர, 2 டன்னைத் தாங்கப் போட்டதல்ல.

இன்னொன்று. இரண்டு பெல்ட் போட்டால் ஆளுக்கு ஒரு டன் தாங்கும் என்று மேஸ்திரி கணக்குச் சொல்வார். தப்பான கணக்கு. பெல்ட் படுத்தாற்போலச் சாயச் சாய, அதன் மேல் விழும் இழுவை கூடும். சரக்கின் மட்டத்திலிருந்து 60 டிகிரி நிமிர்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 1.15 டன். 45 டிகிரியில் 1.4 டன். 30 டிகிரிக்குச் சாய்ந்துவிட்டால் ஒவ்வொரு பெல்ட்டிலும் முழுசாக 2 டன். இந்த நாலு வரிக் கணக்கைக் கொக்கி மாட்டுகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும். நம்ம ஆள் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஹைட்ராவைப் பாருங்கள். 14 டன் என்று பெரிதாக எழுதியிருக்கும். பூமை நீட்ட நீட்ட அது தூக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். சரக்கு ஆடாமல் இருக்க, அதைக் கையால் பிடித்தபடி வண்டிக்கு முன்னால் பக்கவாட்டில் ஒருவர் நடந்துபோவார். கால் இடறினால் சக்கரம், சரக்கு சரிந்தால் உயிர். ஒரு நீளக் கயிற்றைச் சரக்கில் கட்டித் தள்ளி நின்று பிடித்தால் போதும். கயிற்றின் விலை எவ்வளவு?

பெரிய விபத்து என்றால் பேப்பரில் வரும். 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் சரிந்து 11 பேர் செத்தார்கள். 2023இல் அதே ஆகஸ்ட் 1, மகாராஷ்டிரத்தில் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு உத்தரம் ஏற்றும் எந்திரம் விழுந்து 20 பேர். விரல் போனால் எந்தப் பேப்பரிலும் வராது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் ஒரு அட்டவணை போட்டது: பெருவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, சுண்டுவிரல் 7. வட்டி போடுகிற எனக்குச் சதவீதம் புரியும். இந்தச் சதவீதம் மட்டும் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

சைட்டில் சாதி கேட்டு ஆள் நிறுத்துவதில்லை என்பார்கள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை தோழர்களே. நிலம் இல்லாதவன், பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டப்பட்டவன், முன்பணம் வாங்கினவன், ‘முடியாது’ என்று சொன்னால் நாளைக்கு வேலை இல்லாதவன் — இப்படிச் சலித்துச் சலித்து எடுத்தால் கடைசியில் கொக்கிக்குக் கீழே யார் நிற்பார்? சேரியிலிருந்து வந்தவர் நிற்பார். இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அந்த இடத்தில் நிற்கிறவர்களில் பலர் தலித்துகள், ஆதிவாசிகள். ஆபரேட்டருக்குப் பட்டம் உண்டு, மேஸ்திரிக்குப் பட்டம் உண்டு. இவருக்கு ‘ஹெல்பர்’ என்பதோடு சரி, பெயர் கூட இல்லை. விபத்து நடந்தால் மட்டும் ‘அவனோட கவனக்குறைவு’ என்று எல்லாப் பொறுப்பும் இவர் தலையில். பெரியவர் குரலில் இருந்த குற்ற உணர்வு இங்கிருந்துதான் வந்தது.

கிரேன் தொழிலில் ஒரு விதி உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு என்று சைகை காட்ட ஒருவருக்குத்தான் அதிகாரம். ஆனால் ‘நிறுத்து’ என்று யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வீசினால் அவசர நிறுத்தம். மொழி தெரிய வேண்டியதில்லை. கடைநிலையில் இருக்கிறவர் கை, எந்திரத்துக்குக் கட்டளை போடுகிற ஒரே இடம் அதுதான். அந்த விதியை நமக்குச் சொல்லாமல் மறைத்தது தற்செயலா? ஊரில் கை நீட்டிப் பேசினதுக்கே கையை வெட்டினவர்கள், சைட்டில் நம் கை உயர்ந்தால் நிறுத்துவார்களா?

பாபாசாகேப் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். எட்டு மணி நேர வேலைக்காகப் பாடுபட்டார். முதலாளியின் இரக்கத்தை நம்பி அல்ல, சட்டத்தை நம்பி. 1996இல் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்தது. இப்போது அது 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்கிறது அது. தெரிவிக்கிற நேரத்தில் சரக்கு தலைக்கு மேல் தொங்குமே? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டு 167ஆவது உடன்படிக்கை, அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையே தொழிலாளிக்கு உண்டு என்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

அதனால் சங்கம் கேட்க வேண்டியவை இவை. கொக்கி மாட்டுகிற ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு பயிற்சி. கட்டை, கயிறு, எடை எழுதின பெல்ட் இல்லாமல் லாரியைத் தொடுவதில்லை. தூக்கும் சரக்குக்குக் கீழே யாரும் நிற்பதில்லை. நிறுத்தச் சொன்னவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, அந்த நாள் கூலியும் பிடிக்கக் கூடாது.

ஹெல்மெட் கொடுத்துவிட்டோம் என்பார்கள். 2 டன்னுக்கு ஹெல்மெட் என்ன செய்யும்? வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

கூட்டம் முடிந்து போகும்முன் அந்தச் சைகையை எல்லோரும் ஒரு தரம் செய்து பார்ப்போம். எழுந்து நில்லுங்கள். இரண்டு கையையும் நீட்டுங்கள். பக்கத்தில் இருக்கிற ஒடிசாத் தோழருக்கும் காட்டுங்கள். நாளைக் காலை லாரி வரும்போது இது கையில் இருக்கட்டும்.

ஜெய்பீம்.