ஊராரும் காட்சிசாலையும்



சென்னை எழும்பூரிலுள்ள அரும்பொருட் காட்சிசாலைக்கு அந்நகரத்துப் பாமர மக்கள் முன்னாளில் இட்டு வழங்கிய பெயர் 'செத்த காலேஜ்' என்பது. விலங்குக் காட்சிசாலை 'உயிர்க் காலேஜ்' எனப்பட்டது. நகைப்பூட்டும் பெயர்கள்தாம், ஆயினும் 1851-இல் தோன்றிய ஒரு பெரிய நிலையத்தைப் பற்றி மக்கள் கொண்டிருந்த எண்ணத்தை அவை அடக்கிக் காட்டுகின்றன. எப்பொருளை வைப்பது, அதனை எப்பெயரால் அழைப்பது என்பனவற்றை அதிகாரிகளும் அறிஞர்களுமே முடிவு செய்தார்கள். ஊரார் வரிசையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இம்முறை உலகெங்கும் மாறி வருகிறது. காட்சிசாலைகளின் பன்னாட்டு மன்றம் 2022 ஆகஸ்டில் பிராகு நகரில் கூடி ஏற்ற புதிய வரையறையில், சமூகங்களின் பங்கேற்பும் இடம்பெற்றது. வரையறை எழுதுவது எளிது. அதனை மொழிபெயர்ப்பது அத்துணை எளிதன்று என்பது நம் தொழில் கற்பித்த பாடம். அது நிற்க.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 'ஆறாம் வட்டாரம்' என்றொரு பகுதி. 1966-இல் அது வெள்ளையர்க்கே உரியதென அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அறுபதினாயிரம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1994-இல் அங்கு ஒரு பழைய தேவாலயத்தில் காட்சிசாலை ஒன்று தொடங்கப்பட்டபோது, தரையில் பெரிய தெருப்படம் ஒன்றை விரித்தார்கள். வீடிழந்தவர்கள் வந்து, தம் வீடு நின்ற இடத்தில் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எந்த மணிமுடிக்கும் இந்தத் தெருப்படம் குறைந்ததன்று என்பது நம் கருத்து.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். வெள்ளறடையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும் பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்ற நேயர்கள் பலர் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்ததேயொழிய, பனச்சமூட்டுச் சந்தைக்கு வருவோர் எல்லையைப் பார்த்தா விலை பேசுகிறார்கள்? பத்மநாபபுரம் அரண்மனையின் நிலையோ இன்னும் விந்தையானது. அது நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். அதனைக் காப்பது கேரளத்துத் தொல்லியல் துறை. அங்கே அரசர் துயின்ற கட்டிலைக் காணலாம். அரசர் உடுத்த துணியை நெய்தவர் யார்? அதற்கு நாம் வேறிடம் போக வேண்டும்.

அவ்விடம் தொலைவில் இல்லை. நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலுள்ள பாலராமபுரமே அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராமவர்மா மகாராஜா காலத்தில், தென்பாண்டிச் சீமையிலிருந்து அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட சாலியர்கள், அரண்மனைக்கென்று நெய்யத் தொடங்கினார்கள். பாவைத் தெரு நெடுக நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, பெரிய பிரஷால் வாரி உலர்த்துவார்கள். பின்னர் குழித்தறியில் அமர்ந்து நாடாவைக் கையால் எறிந்து நெய்வார்கள். 'ஊடும் பாவும்' என்னும் சொற்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. அவற்றுக்கு எல்லைக்கோடு இல்லை. இந்நெசவுக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் விசைத்தறித் துணியின் மலிவோடு போட்டியிட முடியாமல் தறிகள் குறைந்து வருகின்றன. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். தறி ஓய்ந்தால் அதன் உறுப்புகளின் பெயர்களும் ஓய்ந்துபோம்.

நாளை ஒருவர் இத்தறியை வாங்கிக் காட்சிக்கு வைத்து, 'கைத்தறி, 19-ஆம் நூற்றாண்டு' என்று ஒரு சீட்டு ஒட்டினால் என்ன பயன்? அச்சு எது, விழுது எது, பாவு அறுந்தால் எவ்வாறு முடிவது என்பதெல்லாம் அச்சீட்டில் இரா. நெய்தவரே அருகிருந்து சொன்னால்தான் அவை நிலைக்கும். முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில், கேரளத்து வீடுகளையும் செட்டிநாட்டு வீட்டையும் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பினார்கள். மரத்தைப் பொருத்தத் தெரிந்த தச்சர் கையின்றி அது நடந்திராது.

ஊராரைக் கேட்க வேண்டும் என்றால் யாரைக் கேட்பது? நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் முதலாளியையா, கூலி நெசவாளியையா, மூலையில் அமர்ந்து ராட்டையில் நூல் சுற்றும் பெண்ணையா? மூவரும் மூன்று கதை சொல்வார்கள். முன்னால் வந்து பேசுபவர் சொல்வதே ஊரின் சொல் என்று எழுதிக்கொள்வது அதிகாரிகளுக்கு வசதி. நூல் சுற்றுபவளின் கூலிக் கணக்கும் சுவரில் இடம்பெற வேண்டும் என்று நாம் கருதுகிறோம். அதனால் முதலாளிக்கு மனக்கசப்பு நேரலாம், நேரட்டும்.

வெளிமாநிலத்து நேயர்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி கட்டிய முண்டும் நேரியதும் இருக்கும். பனையோலைப் பெட்டியோ மரக்காலோ இருக்கும். அவற்றோடு ஒரு தாளில், இன்னார் இதனைக் கையாண்டார், வீட்டில் இதற்கு வழங்கிய பெயர் இன்னது, எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுதி வையுங்கள். மலையாளச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் கலந்திருந்தால் அப்படியே எழுதுங்கள்; திருத்த வேண்டாம்.